திருகோணமலை மாவட்டம்: வரலாறும் மக்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை என்று பேச்செடுத்தால் இரண்டாவது நிமிடமே "அங்கே யார் பெரும்பான்மை?" என்ற கேள்வி வந்துவிடும். கேட்பவர்களில் பலர் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். ஒருவரிடம் 1881ஆம் ஆண்டுக் கணக்கு இருக்கும், இன்னொருவரிடம் 2012ஆம் ஆண்டுக் கணக்கு இருக்கும். இரண்டுமே சரியான கணக்குகள்தான். இடைப்பட்ட நூற்றுமுப்பது ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இரண்டுமே ஆளைத் திசைமாற்றிவிடும். பலமுறை எதிர்கொண்ட கேள்விகளைத் திரட்டி, என்னால் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

மாவட்டம் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிறது. வடக்கே முல்லைத்தீவு, மேற்கே அநுராதபுரம், தெற்கே பொலன்னறுவையும் மட்டக்களப்பும் எல்லைகள். பரப்பளவு 2,727 சதுர கிலோமீற்றர். கிழக்கு மாகாணத்தின் தலைநகரம் திருகோணமலை நகரம்.

நிர்வாகத்துக்காக 11 பிரதேச செயலகப் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள்: பட்டினமும் சூழலும், குச்சவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய், சேருவில, வெருகல், மொறவெவ, கோமரங்கடவல, பதவிசிறிபுர. இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கான விடை இவற்றுக்குள்தான் இருக்கிறது.

திருகோணமலையா, திருக்கோணமலையா?

இலக்கணப்படி பார்த்தால் "க்" வரவேண்டும் என்பார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அப்படியே எழுதுகிறார்கள். இலங்கை அரச ஆவணங்களிலும் ஊர்ப் பலகைகளிலும் "திருகோணமலை". பேச்சில் எல்லோருக்கும் "திருமலை". தேவாரத்தில் "கோணமாமலை". பாளி நூல்கள் குறிப்பிடும் "கோகண்ண" துறைமுகமும் இதுவே என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள்.

மொத்தம் எத்தனை பேர்? யார் பெரும்பான்மை?

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 379,541 பேர். முஸ்லிம்கள் நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேல், தமிழர்கள் முப்பது சதவீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் ஏறத்தாழ 27 சதவீதம். பறங்கியர் (ஐரோப்பியர் வழிவந்தோர்), மலாயர் முதலியோர் மிகச் சிறு எண்ணிக்கை.

ஆக, பாதிக்கு மேல் என்ற பொருளில் இங்கே யாரும் பெரும்பான்மை இல்லை. தாய்மொழியைக் கொண்டு எண்ணினால் பத்தில் ஏழு பேருக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள். மூன்று சமூகமும் ஏறத்தாழச் சம அளவில் வாழும் மாவட்டம் இலங்கையில் மிக அரிது. ஒருவர் கூடினால் மற்ற இருவருக்கும் கவலை வருவது அதனால்தான். எண்ணிக்கைப் பேச்சு இங்கே இவ்வளவு சூடாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தமிழ் பேசும் முஸ்லிம்களை ஏன் தமிழரோடு சேர்த்து எண்ணுவதில்லை?

தமிழ்நாட்டு வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. தமிழ்நாட்டில் ஒருவர் தமிழராகவும் முஸ்லிமாகவும் இருப்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. இலங்கையில் முஸ்லிம்கள் தங்களைத் தனி இனமாகவே கருதுகிறார்கள். குடிசன மதிப்பீட்டிலும் "இலங்கைச் சோனகர்" என்று தனியாகவே பதிவாகிறார்கள். அந்த உணர்வு அவர்களுடைய வரலாற்றிலிருந்து வந்தது. வெளியே இருந்துகொண்டு "நீங்களும் தமிழர்தான்" என்று சொல்வது அன்பாகத் தோன்றலாம். கேட்பவருக்கு அது தம் அடையாளத்தைப் பறிப்பதாகவே படும்.

ஆனால் கிண்ணியாவில் ஒரு நாள் தங்கிப் பாருங்கள். கடைப் பலகை தமிழில், பள்ளிக்கூடப் பாடம் தமிழில், வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் தமிழில். மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கட்டிக் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதும் கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். இரண்டு பக்கத்துத் தகப்பன்மாரும் சீமெந்து விலையைக் கேட்டு ஒரே மாதிரித்தான் பெருமூச்சு விடுகிறார்கள்.

1881 முதல் இன்றுவரை எண்ணிக்கை எப்படி மாறியது?

நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

1881இல் மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகை 22,197. இன்றைய ஒரு சிறு நகரத்தின் அளவுகூட இல்லை. அவர்களில் தமிழர் ஏறத்தாழ 64 சதவீதம், முஸ்லிம்கள் 26 சதவீதம், சிங்களவர் 4 சதவீதம், அதாவது ஆயிரம் பேருக்கும் குறைவு. அன்று மக்கள் கரையோரத்திலும், தம்பலகாமம், கொட்டியாரம், கட்டுக்குளம் ஆகிய பற்றுகளின் (பழைய நிர்வாகப் பிரிவுகளின்) வயலூர்களிலும் இருந்தார்கள். உள்ளே போகப் போகக் காடு, தூர்ந்த குளங்கள், மலேரியா. அடுத்த ஐம்பது ஆண்டுகளிலும் பெரிய வளர்ச்சி இல்லை. 1931இல் சுமார் 37,500 பேர்தான்.

1946இல் திடீரென்று சுமார் 76,000. பதினைந்தே ஆண்டுகளில் இரண்டு மடங்கு. இடையில் வந்தது இரண்டாம் உலகப் போர். பிரித்தானியக் கடற்படைக்குக் கிழக்கில் இருந்த முக்கியத் தளங்களில் ஒன்று திருகோணமலை. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு அதன் பெறுமதி இன்னும் கூடியது. கப்பல் தளம், சீனன்குடா விமானத்தளம், எண்ணெய்க் குதங்கள் (சேமிப்புத் தாங்கிகள்), வீதிகள் என்று எங்கு பார்த்தாலும் வேலை. இலங்கையின் தென்பகுதியிலிருந்தும் மேற்கிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பில் சிங்களவர் ஐந்தில் ஒரு பங்கு. பெரிய குடியேற்றத் திட்டங்கள் தொடங்குவதற்கு முன்பே இந்த மாற்றம் வந்துவிட்டது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

அதற்குப் பிறகுதான் நீர்ப்பாசனக் குடியேற்றங்கள். 1963இல் சுமார் 138,000, 1981இல் சுமார் 256,000. 1981ஆம் ஆண்டுக் கணக்கு மூன்று சமூகங்களும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்ற கணக்கு: இந்தியத் தமிழரையும் சேர்த்துத் தமிழர் 36 சதவீதம், சிங்களவர் 33 சதவீதத்தைத் தாண்டி, முஸ்லிம்கள் 29 சதவீதம். பிறகு போர் வந்தது. 1991இல் நாட்டில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் இந்த மாவட்டத்தில் அது முழுமை பெறவில்லை. 1981க்கும் 2012க்கும் இடையில் ஒரு முழுத் தலைமுறை, ஒழுங்கான கணக்கெடுப்பு ஒன்றுகூட இல்லாமல் பிறந்து வளர்ந்தது. எந்த ஆண்டில் எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்று இன்று அடித்துச் சொல்வோரிடம், அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

குடியேற்றத் திட்டங்கள் என்றால் என்ன? அதில் என்ன சர்ச்சை?

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் டி.டி.ரி. (DDT) என்ற நுளம்பு மருந்தால், அதாவது கொசு மருந்தால், மலேரியா அடங்கியது. அரசு பழைய குளங்களைத் திருத்தியது, காட்டை வெட்டியது, காணியைத் துண்டுகளாக்கி நிலமற்ற விவசாயிகளுக்குக் கொடுத்தது. இந்த மாவட்டத்தில் கந்தளாய், அல்லை, மொறவெவ, வடமேற்கில் பதவியாக் குளத்தை ஒட்டிய பகுதி ஆகியவை அப்படி உருவானவை. காணி பெற்றவர்களில் பெரும் பகுதியினர் வெளி மாவட்டச் சிங்கள விவசாயிகள். தமிழரும் முஸ்லிம்களும் சில இடங்களில் பெற்றார்கள்.

இதை எழுதும்போது இரண்டு விடயங்களை ஒன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் குழந்தையுமாக வந்து இறங்கிய மனிதர்களுக்கு அரசியல் தந்திரம் ஏதும் தெரியாது. ஊரில் காணி இல்லை, இங்கே மூன்று ஏக்கர் கிடைக்கும் என்றார்கள், வந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இதுதான் சொந்த ஊர். மறுபக்கம், தாங்கள் காலங்காலமாகப் பெரும்பான்மையாக இருந்த மாவட்டத்தில் தங்களைக் கேட்காமலே சனத்தொகையின் அமைப்பு மாற்றப்படுகிறது என்று தமிழர்கள் கண்டதும் உண்மை. காணி யாருக்கு என்பதை முடிவு செய்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். 1956 ஓகஸ்டில் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் மாநாடு கூட்டியபோது, மொழியோடு சேர்த்துக் குடியேற்றமும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், குடியேற்றக் காணிக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளிடம் விடும் ஏற்பாடு இருந்தது. ஒப்பந்தம் 1958இல் கைவிடப்பட்டது.

ஊர்ப்பெயர்களும் மாறின. முதலிக்குளம் மொறவெவ ஆனது. குமரேசன்கடவை கோமரங்கடவல ஆனது. பழைய பெயர் ஒன்று ஒருவருடைய வாயில் வந்துவிட்டால், பேச்சு அதோடு அரை மணி நேரம் வேறு பக்கம் திரும்பிவிடும்.

கந்தளாய்க் குளத்தைக் கட்டியது யார்?

சிங்கள மரபில் மகாசேன மன்னன் பெயரும் இரண்டாம் அக்கபோதி மன்னன் பெயரும் வருகின்றன. தமிழ் மரபில் குளக்கோட்டன். கோணேசர் கோயில் வயல்களுக்கு நீர் பாய்ச்சக் கட்டினான் என்பது கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்கள் சொல்லும் கதை. கல்லில் எழுதப்பட்ட சான்று ஒன்று உறுதியாக உண்டு: 11ஆம் நூற்றாண்டில் கந்தளாய் ஒரு பிராமணக் குடியிருப்பாக, இராஜராஜச் சதுர்வேதிமங்கலமாக இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவை மன்னன் இரண்டாம் கஜபாகு தன் கடைசிக் காலத்தைக் கந்தளாயில்தான் கழித்தான். சிங்கள மன்னன், தமிழ்ப் பிராமணர் ஊர், இரண்டும் ஒரே குளக்கரையில்.

இந்தக் குளத்துக்கு அண்மைக்கால வரலாறும் உண்டு. 1986 ஏப்ரல் 20 அதிகாலை அணை உடைந்தது. தூக்கத்தில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வெள்ளம் கொண்டுபோனது. யார் கட்டினார்கள் என்று வாதாடுகிற அளவுக்கு இந்த உயிர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே என்பது என் மனக்குறை.

கோணேசர் கோயிலுக்கு என்ன நடந்தது?

7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். அவர் இராமேசுவரத்திலிருந்தே பாடினார் என்கிறார் சேக்கிழார். சோழர் காலத்தில் கோயில் செல்வாக்கோடு இருந்ததற்கு நிலாவெளிக் கல்வெட்டு சாட்சி: திருகோணமலை மச்சகேசுவரமுடைய மகாதேவருக்கு 250 வேலி நிலம் கொடுத்ததை அது பதிந்திருக்கிறது.

1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்தார். அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இன்றும் கோட்டை வாசலில் நுழையும்போது பக்கச் சுவரைப் பாருங்கள். செதுக்கிய இரட்டை மீன் தெரியும், பாண்டியரின் சின்னம். பக்கத்தில் தேய்ந்த தமிழ் எழுத்துகள். பஸ்ஸிலோ முச்சக்கர வண்டியிலோ போனால் கண்ணில் படாது. இறங்கி நடக்க வேண்டும். வாசலைத் தாண்டினால் படை முகாமும், வீதியோரம் நின்று ஆட்கள் நீட்டும் வாழைப்பழத் தோலைத் தின்னும் புள்ளிமான்களும், மேட்டில் கோயிலும், அதற்கப்பால் நேர்செங்குத்தாகக் கடலும். பிரெட்றிக் கோட்டை என்ற பெயர் பிரித்தானியர் வைத்தது.

1950இல் நகரில் கிணறு வெட்டியபோது சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிவந்தன. இடிப்புக்கு அஞ்சி யாரோ புதைத்துவிட்டுப் போனவை. புதைத்தவர் மீட்க வரவே இல்லை. 1956இல், கோயில் நிற்கும் சுவாமிமலைக் குன்றுக்குக் கீழே கடலுக்குள் மூழ்கித் தேடிய மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள். புதிதாகக் கட்டிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது.

பௌத்தம் இங்கே பழையதா, பிறகு வந்ததா?

பழையது. குச்சவெளிக்கு வடக்கே திரியாயில் மலைமேல் உள்ள வட்டதாகே (தூபியைச் சுற்றிய வட்டக் கட்டடம்), வணிகர்கள் எழுப்பிய வழிபாட்டிடம். அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டின் எழுத்து, பல்லவ கிரந்தம். தெற்கே சேருவில தூபியைக் காவந்திஸ்ஸ மன்னனோடு சேர்த்துச் சொல்வது மரபு.

ஆனால் இந்த மாவட்டத்தை ஒரே இடத்தில் புரிந்துகொள்ள வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் உள்ள வெல்கம் விகாரைக்குத்தான் அனுப்புவேன். சோழர் ஆட்சியில் பௌத்தப் பள்ளிகள் பல நலிந்தபோது இது மட்டும் திருத்திக் கட்டப்பட்டு, இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றது. விளக்கெரிக்கவும் பசுக்களைக் கொடுத்தும் தானம் செய்தவர்களின் பெயர்கள் கல்லில் தமிழில் இருக்கின்றன. தமிழர், தமிழில், புத்தருக்கு. சுற்றுவட்டாரத் தமிழ் மக்கள் அதைப் பிற்காலத்தில் நாதனார் கோயில் என்று அழைத்தார்கள். "பௌத்தம் என்றால் சிங்களம், சிவாலயம் என்றால் தமிழ்" என்று கோடு போட்டு வைத்திருப்பவர்கள் அந்தக் கல்வெட்டின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வரவேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலும் பிள்ளையார் கோயிலா, தாதுகோபமா என்று அண்மைய ஆண்டுகளில் வழக்கு நடந்தது. அங்கே ஏழு சிறு சதுரக் கிணறுகள், ஒன்றுக்கொன்று சூடு வேறு. இறந்தவர்களுக்கு அந்தியேட்டி செய்யத் தமிழர்கள் வருகிறார்கள். வாளியால் அள்ளிக் குளிக்க எல்லோரும் வருகிறார்கள்.

ஐரோப்பியர் இந்த இடத்துக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள்?

துறைமுகம். வங்காள விரிகுடாவில் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு கடற்படை முழுவதும் பத்திரமாக நிற்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் இந்தியாவின் கிழக்குக் கரையில் இல்லை. இங்கே இருந்தது. 1620இல் டேனியர் வந்தார்கள். போர்த்துக்கேயரிடமிருந்து 1639இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்தார்கள். 1672இல் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்தன. 1782 என்ற ஒரே ஆண்டில் சனவரியில் ஆங்கிலேயர், ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் என்று இரண்டு முறை கை மாறியது. 1795இல் பிரித்தானியர் எடுத்தது 1957 வரை அவர்களுடைய கடற்படைத் தளமாக நீடித்தது. நாடு சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும்.

இத்தனை கொடிகள் ஏறி இறங்கியபோதும், உள்நாட்டில் வன்னிமைகள் என்ற சிற்றரசுகளின் தலைவர்கள் கண்டி அரசனுக்கும் கரையில் இருந்தவர்களுக்கும் நடுவில் சமாளித்துத் தங்கள் பற்றுகளை நடத்தினார்கள். கண்டி அரசுக்குக் கிழக்கில் கடல்வாசல் கொட்டியாரம். 1660இல் அங்கே, மூதூருக்குப் பக்கத்தில் பிடிபட்டு இருபது ஆண்டுகள் கண்டியில் சிறையிருந்த ஆங்கில மாலுமிதான் ராபர்ட் நொக்ஸ்.

எண்ணெய்க் குதங்கள் பற்றி அடிக்கடி செய்தியில் வருகிறதே?

சீனன்குடாவில் காட்டுக்குள் வரிசையாக நிற்கும் பெரிய இரும்புத் தாங்கிகள். பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9 சப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒன்று எரிந்தது. இன்று 99 எஞ்சியிருக்கின்றன. 2022 சனவரி உடன்பாட்டின்படி 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையிடம், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடம்.

சிறிய சமூகங்கள் யார் யார்?

பாலையூற்றுப் பகுதியில் பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. கப்பல் தள வேலைக்காக வந்த மலையாளிகளின் வழித்தோன்றல்கள் இன்று பெரும்பாலும் தமிழரோடு கலந்துவிட்டார்கள். மலையகத்திலிருந்து வந்த இந்தியத் தமிழர் உண்டு. மூதூர் கிழக்கிலும் வெருகல் பக்கத்திலும் கரையோர வேடர்கள் வாழ்கிறார்கள். இவர்கள் பேசுவது தமிழ். கணக்கெடுப்பில் தமிழர் என்று பதிவாகிவிடுவதால் வேடர் இருப்பதே வெளியாருக்குத் தெரிவதில்லை. அவர்களைப் பற்றித் தனியாக, விரிவாக யாராவது எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

போர் மக்கள்தொகையை எப்படி மாற்றியது?

எல்லா ஊர்களையும் இடம் மாற்றிப் போட்டது. 1984இல் வடகோடித் தமிழ்க் கிராமமான தென்னமரவாடி வெறிச்சோடியது. போர் முடிந்த பிறகுதான் மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். 1987 ஏப்ரலில் ஹபரணை வீதியில் பஸ்கள் மறிக்கப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; இறந்தவர்களில் பெரும்பாலோர் சிங்களவர். 1990இல் தமிழர் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள். மன்னார் வழியாகப் படகேறி இராமேசுவரம் போய், தமிழ்நாட்டு முகாம்களில் முப்பது ஆண்டுகளைக் கழித்த குடும்பங்களில் திருகோணமலைக் குடும்பங்கள் நிறைய.

2006 எல்லோருக்கும் கொடுமையான ஆண்டு. சனவரி 2 அன்று நகரக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டது. சேருவில, மூதூர் வயல்களுக்கு நீர் நின்றது. அதிலிருந்து மூண்ட சண்டையில் ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கையில் எடுத்ததோடு நடந்தே வெளியேறினார்கள். அதே மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். சம்பூர்த் தமிழர்கள் இடம்பெயர்ந்து, காணி மீண்டும் கைக்கு வர ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். நடுவில் 2004 சுனாமி வேறு. மாவட்டத்தில் ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள்.

1981க்கும் 2012க்கும் இடையில் தமிழர், சிங்களவர் பங்கு குறைந்து முஸ்லிம்களின் பங்கு கூடியதற்குக் காரணம் இந்தப் பின்னணியில்தான் இருக்கிறது. தமிழரில் பலருக்கு இந்தியாவும் கொழும்பும் ஐரோப்பாவும் கனடாவும் புகலிடமாயின. எல்லைக் கிராமச் சிங்களவர் பலர் தெற்கே உறவினர் வீடுகளுக்குப் போய்த் திரும்பவில்லை. இடம்பெயர்ந்த முஸ்லிம்கள் பெரும்பாலும் மாவட்டத்துக்குள்ளேயே, கிண்ணியாவிலும் கந்தளாயிலும் தங்கினார்கள். பிறப்பு வீதத்திலும் சற்று வேறுபாடு உண்டு. இதைச் சதி என்று சொல்லித் திரிபவர்களிடம், போக இடமில்லாதவர்கள் ஊரிலேயே இருந்தார்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மூன்று சமூகங்களும் கலந்தா வாழ்கிறார்கள்?

மாவட்டமாகப் பார்த்தால் கலப்பு, ஊராகப் பார்த்தால் பெரும்பாலும் தனித்தனி. கிண்ணியா ஏறத்தாழ முழுவதும் முஸ்லிம். வெருகல் ஏறத்தாழ முழுவதும் தமிழ். கோமரங்கடவல, பதவிசிறிபுர சிங்களம். தம்பலகாமம், சேருவில, மூதூர், குச்சவெளி ஆகியவற்றில் ஒரு ஊர் ஒருவருடையது, அடுத்த ஊர் இன்னொருவருடையது. உண்மையாகவே தோளோடு தோள் உரசும் இடங்கள் நகரச் சந்தை, பொது மருத்துவமனை, கச்சேரி (மாவட்டச் செயலகம்), மீன் ஏலம். கந்தளாய்ச் சந்தையில் சிங்கள வியாபாரி தமிழில் விலை சொல்வதும், முஸ்லிம் வியாபாரி சிங்களத்தில் பேரம் பேசுவதும் யாருக்கும் அதிசயமாகப் படுவதில்லை.

திருகோணமலை எப்படி மாகாணத் தலைநகரானது?

1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து 1988இல் வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டபோது, இணைந்த மாகாணத்தின் தலைமையிடம் இங்கே அமைந்தது. அந்த இணைப்பு முறைப்படி நடக்கவில்லை என்று 2006 ஒக்டோபரில் நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 சனவரி 1 முதல் இரண்டும் தனித்தனி மாகாணங்கள். கிழக்கின் தலைநகராகத் திருகோணமலை தொடர்ந்தது. கிழக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2008 மே மாதம் நடந்தது.

கிண்ணியாப் பாலத்தைப் பற்றி ஏன் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறார்கள்?

பாலம் வருவதற்கு முன் அங்கே "பாதை" இருந்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: வண்டியையும் ஆட்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றே பெயர். நகரத்திலிருந்து மூதூருக்குத் தரைவழியாகப் போவதென்றால் ஒன்றல்ல, பல பாதைகள் ஏறி இறங்க வேண்டும். பிரசவ வலியோடு இருக்கும் பெண்ணை மறுகரையில் வைத்துக்கொண்டு பாதை திரும்பி வரும்வரை காத்திருந்தவர்கள் கிண்ணியாவில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். 2009 ஒக்டோபரில் சவூதி அரேபிய நிதி உதவியோடு 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. அன்று நாட்டிலேயே நீளமான பாலம் அது.

ஆனால் பாதைகள் முற்றாக ஒழியவில்லை. 2021 நவம்பர் 23 காலை, அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாததால் ஓடிக்கொண்டிருந்த பாதை கவிழ்ந்தது. அதில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் இருந்தார்கள். சிலர் வீடு திரும்பவில்லை.

ஒரு நாள்தான் இருக்கிறது. எதைப் பார்த்தால் இந்த மாவட்டம் கொஞ்சமாவது பிடிபடும்?

விடியற்காலையில் கோட்டை வாசலில் இறங்கி, மீன் சின்னத்தைப் பார்த்துவிட்டுக் கோணேசர் கோயிலுக்கு நடந்து ஏறுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் வெல்கம் விகாரை. திரும்பும் வழியில் கன்னியா. மதியச் சாப்பாட்டுக்குக் கிண்ணியா போங்கள், பாலத்தின் நடுவில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஒரு பக்கம் தம்பலகாம விரிகுடா, மறுபக்கம் மகாவலி வந்து சேரும் கொட்டியாரக் குடா. நேரம் மிஞ்சினால் மாலையில் கந்தளாய்க் குளக்கட்டு. அங்கிருந்து நகரத்துக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.